லேத் வாத்தியாருக்கு அமெரிக்காவில் என்ன படிப்பு? ஒர்க்ஃபோர்ஸ் எஜுகேஷன் முதுகலைக்கு முழுமையான வழிகாட்டி

"மெக்கானிக்கல் முடிச்சிட்டு அமெரிக்கா போய் எம்.எட். படிக்கப்போறியா, உனக்கு என்னடா ஆச்சு?" என்று மாமா கேட்டபோது என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. அவர் மனதில் எம்.எட். என்றால் பி.எட். முடித்து டி.ஆர்.பி. தேர்வுக்குத் தயாராகிறவர்கள் படிப்பது. நான் போனது வேறு படிப்புக்கு. லேத், வெல்டிங், ஏ.சி. மெக்கானிக், சமையல், நோயாளிப் பராமரிப்பு என்று கையால் செய்யும் வேலைகளைச் சொல்லிக்கொடுப்பது எப்படி, அதற்கான பாடத்திட்டத்தை யாரிடம் கேட்டு எழுதுவது, படித்து முடித்தவனுக்கு உண்மையிலேயே வேலை தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது, இதெல்லாம்தான் அங்கே பாடம். அமெரிக்காவில் இதற்கு ஒர்க்ஃபோர்ஸ் எஜுகேஷன், கேரியர் அண்ட் டெக்னிக்கல் எஜுகேஷன் என்று இரண்டு மூன்று பெயர்கள் உண்டு. பின்னதைச் சுருக்கி சி.டி.இ. என்பார்கள்.

பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., கம்பெனி டிரெய்னிங் சென்டர் இவற்றில் நாலைந்து வருடம் நின்று பேசியவர்கள், அல்லது ஷாப் ஃப்ளோரில் இருந்துகொண்டே புதுப் பையன்களுக்கு வேலை பழக்கியவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பி.இ. முடித்த கையோடு எப்படியாவது விமானம் ஏறிவிட வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. விசா, வேலை, சம்பளம் எல்லாவற்றிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் எம்.எஸ்.ஸோடு ஒப்பிட்டால் இது சுற்றுவழி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் என்னைத் திட்ட வேண்டாம்.

1. எந்தக் கதவு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லோரும் பல்கலைக்கழகப் பட்டியலில் இருந்துதான் தொடங்குகிறார்கள், நானும் அப்படித்தான் தொடங்கி ஆறு மாதம் வீணடித்தேன். இந்தப் படிப்பில் ஒரே பெயருக்குள் மூன்று வேறு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, பள்ளியில் தொழிற்பாடம் நடத்துவது. அமெரிக்காவில் பல மாவட்டங்களில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் பாதி நாள் வழக்கமான பள்ளியிலும் பாதி நாள் பக்கத்தில் இருக்கும் கேரியர் சென்டரிலும் இருப்பார்கள். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி காலையில் அல்ஜீப்ரா, மதியம் கார் எஞ்சினைப் பிரிப்பது. அந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் ஆவது முதல் கதவு.

இரண்டாவது, பள்ளிக்கு வெளியே இருக்கும் பயிற்சி உலகம். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்யூனிட்டி காலேஜ்கள், அதாவது உள்ளூர்க்காரர்களுக்கான இரண்டு வருடக் கல்லூரிகள், உண்டு. அது போக 2014இல் வந்த ஒர்க்ஃபோர்ஸ் இன்னவேஷன் அண்ட் ஆப்பர்ச்சூனிட்டி சட்டத்தின்கீழ் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு வேலைவாய்ப்புப் பயிற்சி வாரியம். ஆலை மூடினால் வேலை இழந்தவர்களுக்கு எதில் பயிற்சி கொடுப்பது, ஊரில் எந்த வேலைக்கு ஆள் இல்லை என்று திட்டம் போடுகிறவர்கள் இந்தப் பக்கம்.

மூன்றாவது, கம்பெனிகளின் டிரெய்னிங் டிபார்ட்மென்ட். ஹெச்.ஆர்.டி. (மனிதவள மேம்பாடு), இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைன் (பாட வடிவமைப்பு) என்று பெயர் மாறும். சம்பளம் ஓரளவு நன்றாக இருப்பதும், வெளிநாட்டவருக்குக் கதவு கொஞ்சமாவது திறப்பதும் இங்கேதான்.

நான் முதல் கதவு என்று நினைத்துப் போய் இரண்டாவதில் நின்றேன். உங்களுக்கு எது என்று தெரியாமல் விண்ணப்பம் போட்டால், நீங்கள் சேர்ந்த இடத்தின் பேராசிரியர்களுக்கு எந்தக் கதவில் ஆர்வமோ அதுதான் உங்கள் படிப்பாகிவிடும்.

2. துறையின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

பரீட்சைக்கு இல்லை, விண்ணப்பம் எழுதும்போது உதவும். 1917இல் ஸ்மித்–ஹியூஸ் சட்டம் வந்தது. விவசாயம், தொழில்கள், வீட்டு நிர்வாகம் ஆகியவற்றைப் பள்ளியில் கற்பிக்க மத்திய அரசு பணம் கொடுக்க ஆரம்பித்தது அப்போதுதான். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் சார்லஸ் பிராஸர். வேலை நடக்கும் இடம் எப்படியோ பயிற்சி இடமும் அப்படியே இருக்க வேண்டும், அதே கருவி, அதே இயந்திரம், அந்த வேலையைத் தானே செய்து பழகிய ஆசிரியர் என்பது அவர் கட்சி. அவரோடு ஒத்த கருத்துடைய டேவிட் ஸ்னெடனுக்கும் தத்துவவாதி ஜான் டூயிக்கும் 1915 வாக்கில் பெரிய வாக்குவாதம் நடந்தது. முதலாளிக்குத் தோதான கைகளைத் தயாரிப்பது கல்வி ஆகாது, தொழிலை வைத்து சிந்திக்கக் கற்றுக்கொடுங்கள் என்றார் டூயி. நூறு வருடம் கழித்தும் முதல் செமஸ்டரில் இதே சண்டையைத்தான் எங்களை எழுதச் சொன்னார்கள். நம் ஐ.டி.ஐ.களைப் பார்த்தால் பிராஸர் ஜெயித்ததாகத் தோன்றும். அவர் கேட்ட "அதே இயந்திரம்" மட்டும் வந்து சேரவில்லை என்பது வேறு கதை.

1984இல் கென்டக்கி எம்.பி. கார்ல் பெர்கின்ஸ் பெயரில், தொழிற்கல்விக்கு மத்திய அரசு பணம் கொடுக்கும் சட்டம் வந்தது. 2006 திருத்தத்தில் "வொகேஷனல்" என்ற சொல் போய் "கேரியர் அண்ட் டெக்னிக்கல்" வந்தது. காரணம் நமக்குப் புதிதில்லை: "வொகேஷனல் குரூப்" என்றால் நம் பள்ளியில் எப்படிப் பார்ப்பார்களோ அங்கேயும் அப்படியே பார்த்தார்கள். 2018 ஜூலையில் கையெழுத்தான ஐந்தாவது பெர்கின்ஸ் சட்டம்தான் இப்போது நடப்பில் இருப்பது. "பெர்கின்ஸ் பணம்" என்ற சொல்லை அங்கே வாரத்துக்கு ஐந்து முறை கேட்பீர்கள்.

3. பல்கலைக்கழகம் தேடுவது

இந்தத் துறைக்குப் பழைய பெயர் உள்ள இடங்கள் என்றால் பென் ஸ்டேட், ஒஹாயோ ஸ்டேட், ஜார்ஜியா பல்கலைக்கழகம், விஸ்கான்சின்–ஸ்டவுட். கடைசியில் சொன்னது மெனோமனி என்ற சின்ன ஊரில், மரவியாபாரி ஒருவர் 1891இல் தொடங்கிய கைத்தொழில் பள்ளியாக ஆரம்பித்தது. பெரிய பெயருக்காக ஓட வேண்டாம். இந்தத் துறையில் ரேங்கிங் பட்டியல் உங்களுக்கு எதையும் சொல்லாது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒவ்வொரு இடத்திலும் பாடப் பட்டியலைத் திறந்து, பத்துப் பாடத்தில் எத்தனை எந்தக் கதவுக்குப் போகிறது என்று எண்ணுங்கள். "ஆர்கனைசேஷன் டெவலப்மென்ட்", "டேலன்ட்" என்று நிறைய வந்தால் அது கம்பெனிப் பக்கம். "ஆக்குபேஷனல் அனாலிசிஸ்", "ஷாப் சேஃப்டி" என்று வந்தால் பள்ளிப் பக்கம். அப்புறம் பேராசிரியர்கள் கடந்த மூன்று வருடத்தில் எதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பாடப் பட்டியல் பழசாக இருக்கும், கட்டுரைகள் பொய் சொல்லாது.

இதில் இரண்டு பொறி இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள்.

ஒன்று, ஆன்லைன். இந்தத் துறையில் முதுகலை படிக்கும் அமெரிக்கர்களில் நிறையப் பேர் ஏற்கெனவே ஆசிரியர்கள், மாலையில் வீட்டிலிருந்து படிப்பவர்கள். அதனால் பல இடங்களில் முதுகலை முழுவதுமே ஆன்லைனுக்குப் போய்விட்டது. முழு ஆன்லைன் படிப்புக்கு எஃப்–1 மாணவர் விசா கிடையாது. நேரடி வகுப்பில் சேர்ந்தாலும், ஒரு செமஸ்டரில் உங்கள் முழுநேரக் கணக்குக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடத்தைத்தான் சேர்த்துக்கொள்வார்கள். எனக்கு வழிகாட்டிய கன்சல்டன்சி இதைச் சொல்லவே இல்லை. இரண்டு இடத்துக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டி, அனுமதிக் கடிதமும் வந்த பிறகுதான், "இது தொலைதூரப் படிப்பு, ஐ–20 தர முடியாது" என்று பல்கலைக்கழகமே மெயில் போட்டது. ஐ–20 என்பது மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம். ஆகவே முதல் மெயிலிலேயே கேட்டுவிடுங்கள்: நேரடி வகுப்பு உண்டா, ஐ–20 கொடுப்பீர்களா, ஒரு செமஸ்டரில் ஒன்பது கிரெடிட், அதாவது வழக்கமாக மூன்று பாடம், நேரடியாக எடுக்கும் அளவுக்குப் பாடங்கள் நடக்கின்றனவா. மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை, சிக்கல் வருவது அங்கேதான்.

இரண்டு, சி.ஐ.பி. எண். ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு, ஐ–20 தாளில் அச்சாகும். படிப்பு முடிந்ததும் எல்லோருக்கும் 12 மாதம் ஓ.பி.டி. வேலை அனுமதி கிடைக்கும். அந்த எண் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதம். தொழிற்கல்வி ஆசிரியர் பயிற்சிக்கான 13.1319, 13.1320 ஆகிய எண்கள் அந்தப் பட்டியலில் இல்லை. எஜுகேஷனல் டெக்னாலஜிக்கான 13.0501 இருக்கிறது. அதாவது, பக்கத்துப் பக்கத்து அறையில் ஏறக்குறைய ஒரே பாடத்தைப் படிக்கும் இருவரில் ஒருவருக்கு ஒரு வருடம், இன்னொருவருக்கு மூன்று வருடம். மூன்றாவது கதவு உங்களுடையது என்றால், இன்ஸ்ட்ரக்ஷனல் டெக்னாலஜி துறையில் சேர்ந்து தொழிற்கல்விப் பாடங்களை விருப்பப் பாடமாக எடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் முடியும்.

4. காகித வேலை

ஆகஸ்ட் மாத சேர்க்கைக்கு, உதவித்தொகையும் வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரிக்குள் எல்லாம் போய்ச் சேர வேண்டும். அப்படியானால் அதற்கு முந்தைய ஜூலையிலேயே டிரான்ஸ்கிரிப்ட் வேலையைத் தொடங்குங்கள்.

டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேர்ந்தவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. நம் மார்க்ஷீட் மூன்றாவது செமஸ்டரில் இருந்துதான் தொடங்கும். அமெரிக்காவில் அதைப் பார்ப்பவருக்கு முதல் வருடம் காணாமல் போனது போலவும், மூன்று வருடப் பட்டம் போலவும் தெரியும். டிப்ளமோவின் எல்லா செமஸ்டர் மார்க்ஷீட்டுகளையும் சேர்த்தே அனுப்புங்கள். லேட்டரல் என்ட்ரி என்றால் என்ன என்று நாலு வரியில் விளக்கிக் கல்லூரி முதல்வரிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். டபிள்யூ.இ.எஸ். மாதிரியான மதிப்பீட்டு நிறுவனம் வழியாக அனுப்பச் சொன்னால், பாட வாரியான அறிக்கை கேட்டு வாங்குங்கள், பொதுவான அறிக்கை போதாது. மூன்று வருட பி.எஸ்சி., பி.காம். காரர்கள் விண்ணப்பிக்கும் முன்பே, மூன்று வருடப் பட்டத்தை ஏற்பார்களா என்று மெயிலில் எழுத்துபூர்வமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அரியர் இருந்தால் பயப்பட வேண்டாம். இந்தத் துறையில் உங்கள் வேலை அனுபவத்துக்கு இருக்கும் மதிப்பு பல்கலைக்கழக மதிப்பெண்ணுக்கு இல்லை. ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வைப் பல கல்வியியல் துறைகள் இப்போது கேட்பதில்லை. ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் 6.5 இருந்தால் பெரும்பாலான இடங்களுக்குப் போதும். தமிழ் வழியில் படித்த என் நண்பர் ஒருவர் இரண்டாவது முறையில் வாங்கினார், பேச்சுப் பகுதியில் வெல்டிங் கற்றுக்கொடுத்த கதையையே சொல்லி.

5. எஸ்.ஓ.பி.

ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு நீங்கள் எழுதித் தரும் கட்டுரைதான் எஸ்.ஓ.பி. இங்கேதான் நேரம் போட வேண்டும். என் முதல் வரைவு இப்படித் தொடங்கியது: சிறு வயது முதலே கற்பித்தலின் மீது எனக்குத் தீராத ஆர்வம். நானே எழுதி நானே நம்பவில்லை. இரண்டு வாரம் கழித்து அதைக் கிழித்துவிட்டு, நடந்த ஒன்றை எழுதினேன்.

நான் வேலை பார்த்த பாலிடெக்னிக்கில், இரண்டாம் வருடப் பையன் ஒருவன் லேத்தில் வேலைத்துண்டைப் பிடிக்கும் "சக்" என்ற பாகத்தை இறுக்கிவிட்டு, இறுக்கிய சக் கீயை (சாவியை) எடுக்காமலே ஸ்விட்சைப் போட்டான். கீ பறந்து எதிர்ச் சுவரில் பட்டு, காரை பெயர்ந்து விழுந்தது. யாருக்கும் அடியில்லை. அன்றைக்கு மதியம் அவன் ரெக்கார்டு நோட்டைப் புரட்டினால், பாதுகாப்பு விதிகளில் நாலாவதாக, அழகான கையெழுத்தில், அடிக்கோடு போட்டு, "சுழல வைக்கும் முன் சக் கீயை அகற்ற வேண்டும்" என்று எழுதியிருக்கிறான். அதற்கு என் சிவப்பு மை டிக் வேறு. அடுத்த திங்கள்கிழமை ஒவ்வொரு லேத்துக்கும் ஸ்விட்ச் பக்கத்தில் ஒரு பலகை, பலகையில் ஒரு ஆணி. கீ ஆணியில் தொங்கினால்தான் ஸ்விட்சில் கை வைக்கலாம், தொங்காத லேத்தைப் பார்க்கிற எவனும் "கீ!" என்று கத்தலாம், வாத்தியாரைப் பார்த்தும் கத்தலாம். ஒரு மாதத்தில் பழக்கமாகிவிட்டது. என்னைப் பார்த்தும் இரண்டு தடவை கத்தினார்கள்.

இதை எழுதிவிட்டுக் கீழே ஒரு கேள்வி வைத்தேன்: எழுதத் தெரிந்த விதி கைக்கு ஏன் போய்ச் சேரவில்லை, ஆணி ஏன் அதைச் சேர்த்தது, இப்படி ஆணி அடிப்பதை முறைப்படி கற்க முடியுமா. அவ்வளவுதான் எஸ்.ஓ.பி. மீதி ஒரு பக்கம் எந்தப் பேராசிரியரின் எந்த வேலை இதோடு தொடர்புடையது என்பது. சேர்ந்த முதல் வாரம் துறைத்தலைவர் என்னை அடையாளம் கண்டது "ஆணிக்காரர்" என்றுதான்.

உங்களிடமும் இப்படி ஒன்று கட்டாயம் இருக்கும். உடைந்த டிரில் பிட், தப்பாக அளந்த வெர்னியர், மூன்று வருடம் படித்தும் ஃபியூஸ் போடத் தெரியாத பையன். அதை எழுதுங்கள். புள்ளிவிவரம், பாரதத்தின் இளைஞர் சக்தி, அப்துல் கலாம் மேற்கோள் எதுவும் வேண்டாம்.

பரிந்துரைக் கடிதம் மூன்று கேட்பார்கள். ஒன்றாவது நீங்கள் வேலை செய்ததை நேரில் பார்த்த ஒர்க்ஷாப் சூப்பரின்டென்டன்ட் அல்லது கம்பெனி ஃபோர்மேனிடம் இருந்து இருக்கட்டும். அவர் ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. "நீயே எழுதிக் கொண்டா, நான் கையெழுத்துப் போடறேன்" என்பதுதான் நம் ஊர் வழக்கம். மூன்றையும் நீங்களே எழுதினால் மூன்றும் ஒரே குரலில் இருக்கும், படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

6. பணம்

முதுகலைக்கு 30 முதல் 36 கிரெடிட் வரை வரும். ஒரு கிரெடிட் 900 டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்தாலே 30க்கு 27,000 டாலர், சாப்பாடு, வாடகை, இன்ஷூரன்ஸ் தனி. இந்தப் படிப்புக்குப் பிறகு வரும் சம்பளத்தை வைத்துப் பார்த்தால், முழுக் கடனில் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துப் போகிற படிப்பு இது கிடையாது.

வழி, கிராஜுவேட் அசிஸ்டன்ட்ஷிப். வாரத்துக்கு 20 மணி நேர வேலை, பதிலுக்குக் கல்விக் கட்டணத் தள்ளுபடியும் மாதச் சம்பளமும். எம்.எட். சேர்பவர்களுக்கு இது அபூர்வம், எம்.எஸ்.க்குக் கொஞ்சம், பிஎச்.டி.க்கு அதிகம். எனவே ஒரே துறையில் எம்.எட்., எம்.எஸ். இரண்டும் இருந்தால், ஆய்வு செய்யும் எண்ணம் இருக்கிறவர்கள் எம்.எஸ். கேளுங்கள். துறைக்கு வெளியேயும் தேட வேண்டும். பொறியியல் கல்லூரியின் மாணவர் ஒர்க்ஷாப்பில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுவார்கள், லேத் ஓட்டத் தெரிந்த கல்வியியல் மாணவன் அவர்களுக்கு லாட்டரி மாதிரி. எனக்கு இரண்டாம் செமஸ்டரில் கிடைத்தது அப்படித்தான்.

7. விசா

அனுமதிக் கடிதம், வங்கிக் கணக்குக் காட்டி ஐ–20, செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவேடு) கட்டணம் 350 டாலர், டி.எஸ்.–160 என்ற விசா விண்ணப்பப் படிவம், விசா கட்டணம் 185 டாலர், பிறகு அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இரண்டு நிமிடப் பேச்சு. கட்டணங்கள் அடிக்கடி மாறும், கட்டுகிற அன்று பார்த்துக்கொள்ளுங்கள். "என்ஜினியர் ஏன் கல்வியியல் படிக்கிறீர்கள்" என்ற கேள்வி வரும். ஆணிக் கதையை மூன்று வரியில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

8. அங்கே என்ன நடக்கும்

பாடங்களில் பாதி எங்கும் பொதுவானது: வளர்ந்தவர்கள் எப்படிக் கற்கிறார்கள், பாடத்தை வடிவமைப்பது, புள்ளியியல், ஆய்வு முறை. பயிற்சியை அளக்க கிர்க்பேட்ரிக்கின் நான்கு படி சொல்வார்கள்: பிடித்ததா, தெரிந்துகொண்டானா, வேலையில் செய்கிறானா, அதனால் பலன் வந்ததா. நம் ஊர்ப் பயிற்சிகள் பெரும்பாலும் முதல் படியோடு, ஃபீட்பேக் ஃபார்மில் "குட்" டிக் அடித்து, டீ பிஸ்கட்டோடு முடிந்துவிடும்.

நான் போனதற்கே பலன் என்று நினைப்பது ஒரே ஒரு பாடம், டேக்கம். பாடத்திட்டம் உருவாக்கும் முறை இது. 1960களின் கடைசியில் கனடாவில் தொடங்கி, ஒஹாயோ ஸ்டேட் வழியாகப் பரவியது. ஒரு தொழிலில் கைதேர்ந்த ஐந்திலிருந்து பன்னிரண்டு பேரை ஓர் அறையில் இரண்டு நாள் உட்கார வைப்பார்கள். நடத்துகிறவர் கேட்டுக்கொண்டே இருப்பார், அவர்கள் சொல்வது ஒவ்வொன்றையும் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுவார். இடது பக்கம் பெரிய பொறுப்புகள், அவற்றுக்கு நேரே வலது பக்கம் அதற்குள் வரும் வேலைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வினைச்சொல் கட்டாயம். "வெல்டிங் பற்றிய அறிவு" என்று எழுதினால் கிழித்துப் போடுவார்கள், "விளிம்பைத் தேய்" என்று எழுத வேண்டும். வாத்தியார்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

எங்கள் வகுப்பு நடத்தியது ஆறு வெல்டர்களை வைத்து. மிக் வெல்டிங் ஓடும்போதே அது சரியாகப் போகிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். வோல்டேஜ், ஒயர் வேகம் என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்து அட்டையோடு நின்றேன். ஐம்பது வயது தாண்டிய ஒருவர், "சத்தம். பேக்கன் பொரிகிற மாதிரி கேட்கணும்" என்றார். மற்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள். எனக்கு அது அப்பளம் பொரிகிற சத்தம். விட்டுவிட்டுப் பட் பட் என்று வெடித்தால் செட்டிங் தப்பு. நான் ஏழு வருடம் வெல்டிங் பிராக்டிகல் நடத்தியிருக்கிறேன், காதால் கேட்கச் சொல்லி ஒரு பையனிடமும் சொன்னதில்லை, ஏனென்றால் அது மேனுவலில் இல்லை. ஒரு தொழிலாளி சாதாரணமாகச் செய்து, ஆனால் சொல்லாமல் வைத்திருப்பதை வெளியே எடுப்பதற்குத்தான் அந்த இரண்டு நாள், அந்த அட்டைகள், அந்த வாய்ப்பூட்டு எல்லாம்.

ஆய்வு செய்வதாக இருந்தால் மனிதர்களிடம் ஒரு கேள்வி கேட்கக்கூட ஐ.ஆர்.பி. எனும் பல்கலைக்கழக ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அதற்குப் பல வாரங்கள் ஆகலாம், இரண்டாம் செமஸ்டரிலேயே தொடங்குங்கள். கேரியர் சென்டர்களுக்குப் போய்ப் பார்க்கும் வாய்ப்பு எதையும் விடாதீர்கள், வகுப்பறையைவிட அங்கே கற்றது அதிகம்.

9. முடித்த பிறகு

கசப்பான பகுதி. பள்ளித் தொழிற்பாட ஆசிரியர் ஆக மாநில உரிமம் வேண்டும், ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு விதி. பென்சில்வேனியாவில் பென் ஸ்டேட், டெம்பிள், இண்டியானா யுனிவர்சிட்டி ஆஃப் பென்சில்வேனியா ஆகிய மூன்று இடங்களில் இருக்கும் மையங்கள் வழியாகத்தான் போக வேண்டும், தொழில் தெரியுமா என்று எழுத்து, செய்முறை இரண்டிலும் சோதிப்பார்கள். தச்சு, பிளம்பிங், வெல்டிங் மாதிரியான பாடங்களுக்கு அங்கே முதலில் பார்ப்பது சம்பளத்துக்கு வேலை செய்த வருடங்களை, முதுகலைப் பட்டத்தை இல்லை. பட்டப்படிப்பே இல்லாமல் ஆசிரியராக நுழைந்து பிறகு படிப்பவர்கள் அங்கே சகஜம். உரிமம் கிடைத்தாலும் பள்ளி உங்களுக்கு ஹெச்–1பி வேலை விசாவுக்கு விண்ணப்பம் போட வேண்டும். அரசுப் பள்ளிகள் பொதுவாக அந்த விசாவுக்கான வருடாந்திரக் குலுக்கலுக்குள் வரும், பல்கலைக்கழகங்கள் வராது. புதிய ஹெச்–1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அறிவித்ததிலிருந்து, வெளிநாட்டில் இருந்து ஆளெடுக்கப் பள்ளி மாவட்டங்கள் இன்னும் தயங்கும். ஆகையால் முதல் கதவு நமக்கு ஏறக்குறைய மூடியது. படிக்கலாம், அங்கேயே நின்று கற்பிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

ஊர் திரும்புகிறவர்களுக்கு: பாலிடெக்னிக் விரிவுரையாளர் வேலைக்கு அடிப்படைத் தகுதி உங்கள் பொறியியல் பட்டம்தான். இந்த எம்.எட்.டை எம்.இ.க்குச் சமமாக எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பிப் பதவி உயர்வுக் கணக்குப் போட வேண்டாம். பலன் வேறு பக்கம் இருக்கிறது. கம்பெனிகளின் பயிற்சி மையங்கள், திறன் பயிற்சி நிறுவனங்கள், பாடத்திட்டம் எழுதும் வேலைகள். கிண்டியில் 1986இல் தொடங்கிய தேசியப் பயிற்றுக்கருவி நிறுவனமான நிமிதான் நாடு முழுக்க ஐ.டி.ஐ. புத்தகங்களைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் போடுகிறது. தரமணியில் 1964 முதல் என்.ஐ.டி.டி.டி.ஆர். என்ற தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கவே தொடங்கியது.

உண்மையில் என்னிடம் இப்போது யாராவது கேட்டால், விமானத்துக்கு முன்னால் இவற்றில் ஒன்றைச் செய்யச் சொல்வேன்: தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் எட்டு மாட்யூல் ஆசிரியர் பயிற்சி மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் கிடைக்கிறது, ஐ.டி.ஐ. பக்கம் இருப்பவர்களுக்குக் கிண்டி என்.எஸ்.டி.ஐ. (தேசியத் திறன் பயிற்சி நிறுவனம்) போன்ற இடங்களில் சி.ஐ.டி.எஸ். என்ற ஒரு வருடப் பயிற்றுநர் பயிற்சி இருக்கிறது. அவற்றைப் படிக்கும்போது தூக்கம் வந்தால் அமெரிக்காவில் இரண்டு வருடமும் தூக்கம் வரும்.

கடைசியாக ஒரு சில்லறை விஷயம். வெளிநாட்டுப் பட்டத்துக்கு இங்கே சமநிலைச் சான்று தருவது 2025 விதிமுறைகளுக்குப் பிறகு யு.ஜி.சி.யின் பொறுப்பு, நேரடி வகுப்பில் படித்திருக்க வேண்டும். நீங்கள் படித்த ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் செமஸ்டர் முடிகிற அன்றே பி.டி.எஃப்.ஆக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், என்றைக்கு யார் கேட்பார்கள் என்று சொல்ல முடியாது. பட்டம் வாங்கிய சில மாதத்தில் என் பல்கலைக்கழக லாகின் நின்றுவிட்டது. பதினோரு பாடத்துக்கும் பேராசிரியர்களுக்குத் தனித்தனியாக மெயில் போட்டேன், ஒருவர் ஓய்வு பெற்று மீன் பிடிக்கப் போயிருந்தார், அவர் பதில் வர ஏழு வாரம் ஆனது.